மொழிபெயர்ப்பு முதலில், பில் ஆஃப் என்ட்ரி பிறகு

வெளிநாட்டுக் காரின் ஆவணங்களை எப்போது மொழிபெயர்ப்பது என்று கேட்டால், ஆர்.டி.ஓ. அலுவலகம் கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்பதே வழக்கமான பதில். அதற்குள் காலம் கடந்துவிடுகிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் (1989) 47ஆம் விதிப்படி, இறக்குமதி வாகனத்தைப் பதிய படிவம் 20உடன் சுங்க அனுமதிச் சான்றும் வேண்டும். ஆகவே பதிவு அலுவலர் பார்ப்பது சுங்கம் ஏற்ற விவரத்தை. சுங்கம் பார்ப்பது பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதிப் படிவத்தில் இறக்குமதியாளர் அறிவித்த விவரத்தை. அது துல்லியமாகவும் முழுமையாகவும் இருக்கவேண்டிய பொறுப்பைச் சுங்கச் சட்டத்தின் (1962) 46(4ஏ) பிரிவு அவர் தலையிலேயே வைக்கிறது. விவரம் பொருந்தாவிட்டால் 111ஆம் பிரிவின்கீழ் வண்டியே பறிமுதலாகலாம். மொழிபெயர்ப்பில் நேரும் பிழை ஆர்.டி.ஓ. மேசையில் வெளிப்படும்போது, அது ஏற்கெனவே சுங்கத்தில் தவறான அறிவிப்பாகிவிட்டிருக்கும்.

பிழை பெரும்பாலும் தேதியில்தான் ஒளிந்திருக்கும். பயன்படுத்திய கார் தயாரிக்கப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்கவேண்டும் என்பவை நம் இறக்குமதிக் கொள்கையின் பொது நிபந்தனைகள். ஜப்பான் ஏற்றுமதிச் சான்றில் இருப்பதோ முதல் பதிவு நடந்த ஆண்டும் மாதமும். தயாரிப்பு அதற்குப் பல மாதம் முந்தியிருக்கலாம். அந்த ஆண்டும் பேரரசர் சகாப்தக் கணக்கில் இருக்கும்: ரெய்வா 4 என்றால் 2022, 2019 ஏப்ரல் வரை ஹெய்செய் 31, மே முதல் ரெய்வா 1. தாய்லாந்து ஆவணத்தில் 2565 என்றிருந்தால் 543ஐக் கழித்து 2022 என்று கொள்ளவேண்டும். கணக்கைச் சரியாகப் போட்டாலும், முதல் பதிவைத் தயாரிப்புத் தேதி என்று எழுதினால் அறிவிப்பு தவறுதான்.

சேஸிஸ் எண்ணை அதிகாரிகள் நேரில் சரிபார்க்கிறார்களே, பிறகென்ன என்று சிலர் கேட்கலாம். அந்தச் சோதனை, வந்திருப்பது ஆவணத்தில் உள்ள அதே வண்டிதான் என்று மட்டுமே காட்டும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக் கார்களின் சேஸிஸ் எண், ஆண்டைக் குறிக்கும் இடம் கொண்ட 17 இலக்க எண் அல்ல. அதிலிருந்து தயாரிப்பு ஆண்டைப் படித்தறிய முடியாது. உற்பத்தியாளரிடம்தான் உறுதிசெய்ய வேண்டும். முதல் பதிவுக்கும் தயாரிப்புக்கும் உள்ள இந்த இடைவெளியை இறக்குமதிக்கு முன்பே கண்டுபிடிக்கக்கூடியவர் மூல ஆவணத்தை வரிவரியாகப் படிக்கும் மொழிபெயர்ப்பாளர் ஒருவரே. ஏற்றுமதியாளர் இலவசமாக அனுப்பும் ஆங்கிலப் பிரதி அந்த வேலையைச் செய்யாது. விற்றவர் தன் சரக்குக்குத் தானே தந்த சான்று அது.

இந்தியாவுக்கு வந்துபோகும் வெளிநாட்டு வாகனங்களுக்கான 2022 விதிகள், ஆங்கிலத்தில் இல்லாத ஆவணங்களுக்கு, அவற்றை வழங்கிய அதிகாரியே உறுதிசெய்த மொழிபெயர்ப்பைக் கேட்கின்றன. இங்கே பதிவுக்கு வரும் கார்களை அவ்விதிகள் கட்டுப்படுத்தாவிட்டாலும், எத்தகைய சான்றை அரசு நம்புகிறது என்பதை அவை காட்டுகின்றன. பூட்டானிலிருந்து கடத்தப்பட்ட கார்கள் போலி ஆவணங்களோடு பதிவாகியுள்ளன என்ற சந்தேகத்தில் கொச்சி சுங்கத் துறை 2025 செப்டம்பரில் ‘நும்கோர்’ சோதனையைத் தொடங்கியது. மூலம் பொய்யானால் மொழிபெயர்ப்பால் அதை மெய்யாக்க முடியாது. ஆனால் எந்த ஆவணத்தைப் பார்த்து மொழிபெயர்க்கப்பட்டது, அது அசலா நகலா என்ற பதிவு, பொய்யைத் தேடுபவருக்கு உதவும்.

கார் வேறு துறைமுகத்தில் இறங்குகிறது, தூத்துக்குடி சுங்க முகவருக்கு இதில் என்ன வேலை என்பது இன்னொரு கேள்வி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 40ஆம் பிரிவுப்படி பதிவு உரிமையாளரின் வசிப்பிடத்தையோ தொழிலிடத்தையோ ஒட்டியது, தூத்துக்குடியின் டி.என். 69 எண் கேட்பவர் நம்மிடம்தான் வருவார். 2011இல் சில மாதங்கள் ஓடி நின்ற தூத்துக்குடி–கொழும்பு பயணிகள் கப்பல் மீண்டும் ஓடினால், சுற்றுலாக் கார்களின் ஆவணங்களும் இக்கரையிலேயே சோதிக்கப்படும். செலவு கூடும், நாள் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் மொழிபெயர்ப்புக் கட்டணம், பறிமுதலான காரை மீட்கக் கட்டும் அபராதத்துக்கு ஈடாகாது. ஆகவே அசல் ஆவணம் எது, அதில் உள்ளபடியான தேதி என்ன, நம் ஆண்டுக் கணக்குக்கு மாற்றிய தேதி என்ன, படிக்க முடியாத இடங்கள் எவை என்று தனித்தனியாகக் காட்டும் மொழிபெயர்ப்பு கைக்கு வராமல் எந்த முகவரும் பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யக் கூடாது. அந்த ஒழுங்கை அரசாணை வரும்வரை காத்திராமல் நம் முகவர் சங்கங்களே விதியாக்கலாம்.