மேற்கோள் எண்ணும் ஆராய்ச்சியின் மதிப்பும்

ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சியால் விளைந்த பயனை ஓர் எண்ணால் அளந்துவிடலாம் என்னும் கொள்கை இன்று ஆராய்ச்சி நிலையங்களில் வேரூன்றியுள்ளது. நியமனத்திலும், பதவி உயர்விலும், நிதியுதவியிலும் இவ்வெண்ணுக்குப் பங்குண்டு. இளம் ஆராய்ச்சியாளர் பலரின் பிழைப்பே இதனைச் சார்ந்திருப்பதால், அளவுகோல் நேரானதுதானா என்று வினவுதல் முறையாகும்.

ஒரு கட்டுரையைப் பின்வந்த கட்டுரைகள் எத்தனை தடவை சான்று காட்டுகின்றன என்பதே இதன் அடிப்படை. அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு 1960-களில் இதற்கென அட்டவணை வெளியிடத் தொடங்கினார். ஹிர்ஷ் என்னும் பௌதிக அறிஞர் 2005-இல் எச்-குறியீட்டை முன்மொழிந்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் இருபது, ஒவ்வொன்றும் இருபது தடவைக்குக் குறையாமல் சான்று காட்டப்பெற்றிருப்பின், அவருடைய குறியீடு 20 ஆகும். இதனை ஆசிரியர்கள் கரும்பலகையிலேயே கணக்கிட்டுக் காட்டலாம். ஒருவருடைய ஐந்து கட்டுரைகள் முறையே 900, 300, 5, 4, 2 தடவை குறிப்பிடப்பெற்றன எனக் கொள்க. அவர் பெறும் குறியீடு 4. மற்றொருவருடைய நான்கு கட்டுரைகள் ஒவ்வொன்றும் நான்கே தடவை குறிப்பிடப்பெற்றன. அவருக்கும் அதே 4. மலையும் மடுவும் ஒரே நிறையாகிவிடுகின்றன!

எர்ணாகுளத்தில் 1922-இல் பிறந்த ஜி. என். இராமச்சந்திரனின் பணியை இவ்வளவுகோலின் முன் வைத்துப் பார்ப்பது பயன் தரும். அவர் 1952-இல் சென்னைப் பல்கலைக் கழகத்தில் பௌதிகப் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். தோலுக்கும் தசைநாருக்கும் உறுதியளிக்கும் கொலாஜன் என்னும் புரதம், ஒன்றோடொன்று இணைந்த மூன்று சுருட்சங்கிலிகளாலானது என 1954-இல் கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் அம்மாதிரியில் சில அணுக்கள் தகாத அளவு நெருங்கியிருப்பதாகக் குறை கூறினர். மேற்கோள் கணக்கைப் பொறுத்தவரை அக்கண்டனமும் ஒன்று, பாராட்டும் ஒன்று. கணக்குப் பார்ப்பவர் இரண்டையும் பிரித்தறிய இயலாது.

ஆயினும் அக்கண்டனத்தின் விளைவே பெரிது. அணுக்கள் எவ்வளவு தூரம் நெருங்கலாம் என்னும் வினாவை இராமச்சந்திரன் விடாது பற்றிக்கொண்டார். அதுவரை தெளிவாக அறியப்பட்டிருந்த படிகங்களின் அமைப்பைத் துருவி அதற்குரிய எல்லைகளை வகுத்தார். புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் இரண்டு திருப்பங்கள் உண்டு. அவ்விரு கோணங்களையும் விரும்பியவாறெல்லாம் திருப்ப இயலாது. பெரும்பாலான நிலைகளில் அணுக்கள் முட்டிக்கொள்ளும். முட்டாத நிலைகள் எவை எனக் காட்டும் படமே சி. இராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் அவர் 1963-இல் வெளியிட்டது. கட்டுரை ஐந்தே பக்கம்.

அப்படத்தின் பயனை எங்ஙனம் எண்ணுவது? புரத அமைப்புகளைத் தொகுத்து வைக்கும் பொதுக் களஞ்சியம் 1971-இல் ஏழு அமைப்புகளோடு தொடங்கிற்று. இன்று அங்கு இரண்டு இலட்சத்துக்கு மேல் உள்ளன. புதிதாகக் கண்டறியப்படும் புரத அமைப்பு பிழையற்றதா என்று பார்க்க இராமச்சந்திரன் படம் இன்றும் வழக்கமாகக் கையாளப்படுகிறது. ஆனால் அதனைக் கையாளும் அனைவரும் 1963-ஆம் ஆண்டுக் கட்டுரையைச் சான்று காட்டுவதில்லை. பாடநூலில் ஏறிவிட்ட பொருளுக்கு மூலம் காட்டுவது வழக்கமன்று. பெயர் நிலைத்துவிட்டது, எண்ணோ அதற்கு ஈடாக உயரவில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. கரைசலிலுள்ள புரதத்தின் அளவை அறிய லௌரியும் பிறரும் 1951-இல் வெளியிட்ட முறை மூன்று இலட்சம் தடவைக்கு மேல் சான்று காட்டப்பெற்றது. மரபணுப் பொருளின் இரட்டைச் சுருளமைப்பை விளக்கிய 1953-ஆம் ஆண்டுக் கட்டுரையோ, 2014-இல் தொகுக்கப்பட்ட முதல் நூறு கட்டுரைகளின் வரிசையில் இடம்பெறவேயில்லை. லௌரியின் முறை சோதனைச்சாலைக்கு இன்றியமையாத கருவி, அதனை இகழ்வாரில்லை. ஆயினும் இரட்டைச் சுருளைக் காட்டிலும் அது மேம்பட்ட கண்டுபிடிப்பு என்று கூறுவாரும் இல்லை.

எண்ணே வேண்டாம் என்பதும் பொருந்தாது. தேர்வுக் குழுவில் முகதாட்சண்யமும் பரிந்துரையும் ஆட்சி செய்யுமிடத்தில், ஆதரவற்ற இளைஞனுக்கு அவன் பெற்ற மேற்கோள்களே துணை. எனினும் துறைக்குத் துறை வழக்கம் வேறு. மூலக்கூறு உயிரியற் கட்டுரைகளின் சான்றுப் பட்டியல் நீளமானது. கனிம இரசாயனத்தின் ஒரு சிறு கிளையில் உழைப்பவர்களோ சிலரே. இருவரையும் ஒரே எண்ணால் ஒப்பிடுவது நெல்லைப் படியாலும் பொன்னைப் படியாலும் அளப்பதற்கு ஒப்பாகும். மாதிரி திரட்டியவர், கருவியைச் செப்பனிட்டவர், களத்தில் குறிப்பெடுத்தவர் ஆகியோரின் உழைப்போ இக்கணக்கில் பெரும்பாலும் சேர்வதேயில்லை.

2012-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் கூடிய உயிரணு ஆராய்ச்சி இதழாசிரியர்களும் பதிப்பாளர்களும், இதழின் மதிப்பெண்ணைக் கொண்டு ஆராய்ச்சியாளரை எடைபோடலாகாது என்று பிரகடனம் வகுத்தனர். அதனினும் எளிய நடைமுறை ஒன்றுண்டு. விண்ணப்பிப்போர் தம் கட்டுரைகளுள் சிறந்த மூன்றை மட்டும் அளித்து, ஒவ்வொன்றும் யாருக்கு எவ்வாறு பயன்பட்டது என்பதையும், அதில் யார் யார் உழைத்தனர் என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதட்டும். குழுவினர் அவற்றைப் படிக்கட்டும். படிக்க நேரமில்லாத குழு தேர்ந்தெடுக்கவும் தகுதியற்றதே. பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் வழியில், எல்லையிலுள்ள கோபாலபுரம் போன்ற ஊரின் ஆசிரியரும் இராமச்சந்திரனைப் பற்றிக் கூறுங்கால் பரிசுகளையும் எண்களையும் அடுக்க வேண்டுவதில்லை. இரண்டு அட்டைத் துண்டுகளைக் கம்பியில் கோத்து, அவை எந்தத் திருப்பத்தில் முட்டுகின்றன என்று மாணவர் கையாலேயே திருப்பிப் பார்க்கச் செய்தால் போதும்.