கயிற்றில் ஒட்டிப் போன மணல்

கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி கடற்கரையில் மணல் கறுப்பாக இருக்கும். அலை வாங்கிப் போன இடத்தில் பார்த்தால், கறுப்போடு சிவப்பும் மஞ்சளும் கோலப்பொடி தூவியது போல வரி வரியாகக் கிடக்கும். கறுப்பு மணலுக்கு இல்மனைட் என்று பெயர். வெள்ளைப் பெயிண்டு செய்ய உதவுகிறது. சிவப்பு, கார்னெட். தேன் நிறத்தில் இருப்பது மோனசைட். இந்த மோனசைட்டுக்குள்தான் தோரியம் என்ற உலோகம் இருக்கிறது. தோரியம் கதிர் வீசும் உலோகம். அணு மின்சாரத்துக்கு ஆகும் என்று இந்திய விஞ்ஞானிகள் நெடுங்காலமாக அதன் மேல் கண் வைத்திருக்கிறார்கள்.

இந்த மணலின் அருமையைக் கண்டவர் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் ரசாயன நிபுணர். 1909-ம் ஆண்டு, திருவிதாங்கூரிலிருந்து கப்பலில் போன தென்னங்கயிற்றில் கொஞ்சம் மணல் ஒட்டியிருந்தது. அதைச் சோதித்துப் பார்த்தார். மோனசைட்! கயிறு வந்த வழியைத் தேடிக்கொண்டு மணவாளக்குறிச்சிக்கே வந்து ஆலை வைத்துவிட்டார்.

அப்போது தோரியம் எதற்கு? விளக்குக்கு! கல்யாண ஊர்வலத்தில் தலையில் தூக்கி வருவார்களே பெட்ரோமாக்ஸ் விளக்கு, அதில் வெள்ளையாக ஒளிரும் மேண்டிலில் தோரியம் சேர்ந்திருந்தது. ஐரோப்பாவில் அப்போது தெருவெல்லாம் காஸ் விளக்கு. 1914-ல் முதல் உலகப் போர் வந்தது. ஜெர்மானியர் கையில் ஆலையை வெள்ளைக்காரர் விட்டு வைப்பார்களா? ஆலை பிரிட்டிஷ் கம்பெனிக்குப் போயிற்று. 1965-ல் இந்திய சர்க்காரின் அரிய மணல் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது.

புளியும் பித்தளையும்

சுரங்கம் மூடினாலும் கழிவு மூடாது. ஆனால், எல்லாக் கழிவும் ஒரே மாதிரி நடப்பதில்லை.

ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைத்தால் என்ன ஆகும்? களிம்பேறிக் குழம்பு கெட்டுவிடும். புளிப்பு, உலோகத்தைக் கரைத்துவிடுகிறது. கந்தகம் கலந்த கல்லை வெட்டும் சுரங்கங்களிலும் இதுதான் நடக்கிறது. பூமிக்குள் இருக்கும் வரை அந்தக் கல் சாதுவாக இருக்கும். வெளியே கொட்டினால் காற்றும் மழையும் படும். கந்தக அமிலம் ஊறும். அந்த அமிலம் ஈயம், துத்தநாகம், காட்மியம் போன்றவற்றைக் கரைத்து ஓடைக்கு அனுப்பும். வேலை நடக்கும் வரை பம்பு வைத்துத் தண்ணீரை இறைப்பார்கள். சுரங்கத்தைக் கைவிட்டு ஆட்கள் போனபின் இறைக்க யார் இருக்கிறார்கள்?

ஜப்பானில் ஜின்சு என்ற ஆற்றில் கமியோகா சுரங்கத்தின் காட்மியம் கலந்தது. அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்தது. அரிசியில் ஏறியது. அதைச் சாப்பிட்ட பெண்களின் எலும்பு, தொட்டால் முறியும் அளவுக்கு மெலிந்தது. அந்த நோய்க்கு ஜனங்கள் வைத்த பெயர் 'இத்தாய் இத்தாய்.' 'வலிக்கிறதே, வலிக்கிறதே' என்று அர்த்தம். காட்மியம்தான் காரணம் என்று ஜப்பான் அரசாங்கம் 1968-ல் ஒப்புக்கொண்டது.

நம்மவர்களுக்குத் தெரிந்த ஊர் கோலார். வட ஆர்க்காட்டுத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாடுபட்ட தங்கச் சுரங்கம், 2001-ம் ஆண்டு பிப்ரவரியில் மூடப்பட்டது. அரைத்த கல்லின் மாவு மலை மலையாகக் குவிந்து கிடந்தது. சயனைடு மேடு என்பார்கள். காற்றடித்தால் வீட்டுக்குள் தூசி. சயனைடு வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து போகும். உலோகத்துக்கு அப்படிச் சாவு கிடையாது.

மணல் வேறு விதம்

மணவாளக்குறிச்சி மோனசைட், புளிப்புக்கு லேசில் மசியாது. மலையில் பாறை பொடிந்து, ஆற்றில் உருண்டு, கடலில் அலசப்பட்டு, அத்தனைக்கும் அழியாமல் வந்த மணி அது. ஆகவே, அதிலுள்ள தோரியம் கிணற்றுத் தண்ணீரில் சுலபமாகக் கரைவதில்லை. தோரியத்திலிருந்து பிறக்கும் ரேடியம்தான் தண்ணீரோடு சற்று எளிதில் போகக் கூடியது.

அப்படியானால் பயம் எங்கே? சேர்த்து வைப்பதில் இருக்கிறது. கரையில் பரவிக் கிடக்கும் மணலிலிருந்து இல்மனைட்டையும் கார்னெட்டையும் காந்தத்தாலும் மின்சாரத்தாலும் பிரித்து எடுக்கிறார்கள். எடுக்க எடுக்க, மிச்சத்தில் மோனசைட் கூடுகிறது. அந்த மிச்சத்தைத் திறந்து போட்டால் கதிர் கூடும். தூசி மூச்சில் போகும். ஆகவே, மண் குழியில் இட்டு மேலே வெறும் மணலால் மூட வேண்டும் என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி. கடல் அரிக்கும் கரையில் இந்த மூடியை யாராவது தவறாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கேரளத்தில் கருநாகப்பள்ளிக் கரையிலும் இதே மணல். அங்கே சுமார் 70,000 பேரைப் பல ஆண்டு கவனித்த ஆராய்ச்சி 2009-ல் வெளியாயிற்று. இயற்கைக் கதிரால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை என்றது. ஆறுதலான செய்திதான். ஆனால், அது இயற்கையாகப் பரந்து கிடக்கும் மணலைப் பற்றிய பேச்சு. பிரித்துக் குவித்த கழிவுக்கு அதையே நற்சாட்சியாகக் காட்டுவது சரியல்ல.

தமிழ்நாட்டில் தனியார் தாது மணல் எடுப்பது 2013-ல் நிறுத்தப்பட்டது. அதன்பின் அரிய மணல் நிறுவனம் கிள்ளியூர் தாலுகாவில் 1,144 ஹெக்டேரில், அதாவது 2,800 ஏக்கருக்கு மேல், மணல் எடுக்கத் திட்டமிட்டது. கடலோர மீனவர்கள் புற்றுநோய்க்கும் கடல் அரிப்புக்கும் பயந்து எதிர்த்தார்கள். ஆலையில் கூலி வாங்குகிறவன் ஒரு தெருவில், வலை காயப்போடுகிறவன் அடுத்த தெருவில். இருவர் வீட்டுக் கிணற்றுக்கும் ஊற்று ஒன்றுதான். 2024 அக்டோபர் 1-ம் தேதி தக்கலையில் நடப்பதாக இருந்த கருத்துக் கேட்புக் கூட்டம் ஒத்திப் போடப்பட்டது.