சான்றிதழ் அரபு

ஆண்டுதோறும் டிசம்பர் 18 அன்று இந்தியப் பல்கலைக்கழகங்களின் அரபுத் துறைகள் விழாக்கோலம் பூணுகின்றன. 1973-ஆம் ஆண்டு அந்நாளில்தான் ஐ.நா. பொதுச்சபை அரபைத் தன் அலுவல் மொழிகளுள் ஒன்றாக ஏற்றது. 2012 முதல் யுனெஸ்கோ அதனை உலக அரபு மொழி நாளாகக் கொண்டாடி வருகிறது. மேடையில் பதாகை, சுவரோரம் எழுத்தணிக் கண்காட்சி, அரபின் சொல்வளத்தைப் பற்றி உருதுவிலும் ஆங்கிலத்திலும் நீண்ட உரைகள். சிங்கத்திற்கு அரபில் எத்தனை நூறு பெயர்கள் உண்டு என்னும் எண்ணிக்கை மட்டும் பேச்சாளருக்குப் பேச்சாளர் கூடிக்கொண்டே போகும். அந்த அரங்கின் பின்வரிசையில் சான்றிதழ்ப் படிப்பின் மாணவர்கள் அமர்ந்திருப்பார்கள். அவர்களுள் ஒருவரை எழுப்பி, எந்த ஊர், எப்போது இங்கு வந்தாய், காலையில் என்ன உண்டாய் என்று அரபில் வினவும் துணிவு மேடையில் எவருக்கும் இருப்பதில்லை. விடை வராது என்பது அவர்களுக்குத் தெரியும்.

பிழை அம்மாணவருடையது அன்று. தொடக்கநிலை அரபு என்ற பெயரில் நம் பல்கலைக்கழகங்கள் நடத்துவது தொடக்கநிலை வகுப்பே அன்று என்பதுதான் இங்கே சொல்ல வேண்டியது.

அவ்வகுப்பில் யார் யார் அமர்ந்திருக்கிறார்கள் என்று பார்த்தாலே பாதி விளங்கிவிடும். மதரசாவில் ஏழெட்டு ஆண்டுகள் ஸர்ஃபும் நஹ்வும் கற்று, பல்கலைக்கழகப் பட்டம் வேண்டி வந்தவர் ஒருவர். எந்தச் சொல்லுக்கும் இலக்கணக் கூறு பிரித்துச் சொல்லக்கூடியவர் அவர். அவருக்கு அந்த வகுப்பில் கற்க ஏதும் இல்லை. சிறு வயதில் குர்ஆன் ஓதப் பழகியவர் இன்னொருவர். எழுத்துக் கூட்டுவார், ஒலிப்பு முறையும் அறிவார். ஓதிய சொல்லின் பொருளை மட்டும் அவருக்கு எவரும் சொல்லித்தந்ததில்லை. மூன்றாமவர் அரசியலோ வரலாறோ மொழியியலோ பயில்பவர். அலிஃபையும் லாமையும் முதன்முறையாகக் காண்பவர். இம்மூவருக்கும் ஒரே அறை, ஒரே பாடநூல், ஒரே தேர்வு. ஆசிரியர் வினா எழுப்புகிறார். முதலாமவர் விடை கூறுகிறார். வகுப்புக்கு விளங்கிவிட்டது என்று கொண்டு பாடம் நகர்கிறது. மூன்றாம் வாரத்தில் மூன்றாமவர் வருவதில்லை. ‘பிற சமூகத்தவருக்கு அரபில் ஆர்வமில்லை’ என்று துறையின் கூட்டத்தில் ஒருவர் வருந்துவார். ராம்மோகன் ராய் தம் முதல் நூலைப் பாரசீகத்தில் எழுதி அதற்கு அரபில் முன்னுரை வைத்த நாடு இது. ஆர்வம் இல்லாமல் இல்லை. அது மூன்றாம் வாரத்தில் கொல்லப்படுகிறது.

எழுத்தை எடுத்துக்கொள்வோம். எழுத்துகள் இருபத்தெட்டு, சொல்லின் முதலிலும் இடையிலும் கடையிலும் வடிவம் மாறுபவை. அலிஃப், வாவ் உள்ளிட்ட ஆறு எழுத்துகள் தமக்குப் பின் வருவதோடு ஒட்டா. குறில் உயிர்களுக்கான குறிகள் பாடநூலில் இருக்கும், செய்தித்தாளில் இரா. புதியவருக்கு இது சில வாரங்கள் நிதானமாகப் பழக வேண்டிய செய்தி. வகுப்பில் அதற்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு மூன்று நாள். ‘வீட்டில் எழுதிப் பழகுங்கள்’ என்பதோடு எழுத்துப் பாடம் முடிந்துவிடும். அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப் பயிற்சி நிறுவனம், ஆங்கிலம் பேசுபவர் அரபில் பணிபுரியும் அளவிற்குத் தேர 88 வாரமும் 2200 வகுப்பு மணியும் வேண்டும் என்று கணக்கிடுகிறது. இங்கே வாரம் ஆறு மணி, ஆண்டுக்கு முப்பது வாரம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் 180 மணிதான். அந்தச் சிறு பொழுதில் எதைக் கற்பிப்பது என்று தேர்ந்தெடுப்பதே பாடத்திட்டம் வகுப்போரின் முதற்கடமை. அவர்கள் தேர்ந்தெடுத்திருப்பதோ இஃராபை: எழுவாய்க்கு இறுதியில் உகரம், செயப்படுபொருளுக்கு அகரம், முன்னிடைச்சொல்லுக்குப் பின் இகரம். வாய்விட்டுப் படிக்கையில் நிறுத்தும் இடத்தில் அரபு மரபே விழுங்கிவிடுகிற ஈறுகள் இவை. மூன்று முதல் பத்து வரையிலான எண்கள் தாம் எண்ணும் பொருளின் பாலுக்கு நேர்மாறான பாலில் வரும் என்னும் புகழ்பெற்ற விதி முதல் பருவத் தேர்விலேயே வந்துவிடுகிறது. அந்த எண்களைக் கொண்டு எதையாவது வாங்கிப் பார்த்த மாணவர் எவரும் இல்லை.

பாடநூல் இல்லாத குறையும் அன்று. உலகெங்கும் அரபு கற்போர் கையில் உள்ள மதீனா நூல்வரிசையை எழுதியவர் நம் வாணியம்பாடியில் பிறந்த வி. அப்துர் ரஹீம். மதீனா இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தில், பல நாட்டு மாணவர்களுக்குப் பொதுமொழி ஏதுமற்ற வகுப்பறைக்காக எழுதப்பட்ட நூல் அது. ஆதலால் பொருளைச் சுட்டிக்காட்டிப் பெயர் சொல்வதில் தொடங்கி, அரபைக் கொண்டே அரபைக் கற்பிக்கிறது. அதே நூலை எடுத்துவைத்துக்கொண்டு வரிக்கு வரி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, ஒவ்வொரு சொல்லின் ஈற்றுக்கும் காரணம் கேட்கும் கலையை நம் வகுப்பறைகள் பலவற்றில் காணலாம். மிதிவண்டியை ஏணியாகச் சாய்த்து வைத்து ஏறுவது போன்றது இது.

இனி, எவரும் தொடத் தயங்கும் செய்திக்கு வரலாம். சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய கட்டுரைக்கு எடுத்துக்கொண்ட நான்கு சான்றுகளுள் ஒன்று அரபு. எழுத்துக்கும் மேடைக்கும் ஃபுஸ்ஹா. வீட்டிற்கும் வீதிக்கும் வட்டார வழக்கு. ‘இப்போது’ என்பதற்கு நூல் ‘அல்ஆன்’ என்கிறது. பாக்தாதில் அது ‘ஹஸ்ஸா’, கெய்ரோவில் ‘தில்வஅத்தி’, டமாஸ்கஸில் ‘ஹல்லஅ’, வளைகுடாவில் ‘அல்ஹீன்’, மொராக்கோவில் ‘தாபா’. ஃபுஸ்ஹாவைத் தாய்மொழியாகப் பேசும் குழந்தை உலகில் ஒன்றுகூட இல்லை. மொழியியல் முதலாண்டு மாணவரும் அறிந்த இந்த உண்மையை நம் அரபுத் துறைகளின் தொடக்கநிலைப் பாடத்திட்டம் அறியாதது போல நடிக்கிறது. வட்டார வழக்கு ‘சிதைந்த மொழி’ எனப்படுகிறது. ஏதேனும் ஒரு விருப்பப்பாடத்தின் கடைசி அலகில், நேரமிருந்தால், அதைப் பற்றி ஒரு விரிவுரை நிகழும். வழக்கைப் பற்றிய விரிவுரைதான், வழக்கில் அன்று.

இந்தக் கோணலைத் தமிழர்கள் உடனே இனங்காண வேண்டும். ‘நான் வருகின்றேன், தாங்கள் எங்குச் செல்கின்றீர்கள்’ என்பதை மட்டும் ஓராண்டு கற்ற வெளிநாட்டவர் கோயம்பேட்டில் இறங்கியதும் அடையும் திகைப்பு நமக்குப் புதிதன்று. அயலார்க்குத் தமிழ் கற்பிப்போருள் விவரமறிந்தவர்கள் பேச்சுத்தமிழையும் எழுத்துத்தமிழையும் இணைத்தே கற்பிக்கிறார்கள். அதனால் செந்தமிழ் கெட்டுவிடவில்லை. அரபிலும் இது புதுமையன்று. கார்னெல் பல்கலைக்கழகத்தில் முன்ஃதிர் யூனிஸ் 1990 முதல் ஃபுஸ்ஹாவையும் லெவன்ட் வழக்கையும் ஒரே வகுப்பில் இணைத்துக் கற்பித்தார். அமெரிக்காவில் பரவலாக வழங்கும் ‘அல்கிதாப்’ பாடநூலின் பிந்தைய பதிப்புகள் எகிப்திய, சிரிய வழக்குகளை முதற்பாடத்திலிருந்தே உடன் வைக்கின்றன.

‘எந்த வழக்கைக் கற்பிப்பது?’ என்று ஒரு மறுப்பு எழும். நல்ல வினா. ஆனால் விடை தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்கப்படும் வினா அன்று. ஏதேனும் ஒன்றை. ஆசிரியர்க்குத் தெரிந்த ஒன்றை. அவ்வூருக்கு வரும் அரபியர் பேசும் ஒன்றை. ஒரு வழக்கில் காது பழகியவர் மற்றொன்றுக்கு நகர்வது, எந்த வழக்கிலும் பழகாதவர் நகர்வதைவிட எளிது. ‘நம் மாணவர்க்குத் தேவை வாசிப்பு, பேச்சன்று’ என்பது இன்னொரு மறுப்பு. இதில் உண்மை உண்டு. பாட்னாவின் குதா பக்ஷ் நூலகத்திலும் ராம்பூர் ரஸா நூலகத்திலும் காத்திருக்கும் சுவடிகளைப் படிக்க ஆள் வேண்டும். அதற்கெனத் தனி வாசிப்புப் படிப்பு வைத்தால் எவரும் எதிர்க்கப் போவதில்லை. இப்போதைய வகுப்பு அதையும் செய்யவில்லையே. ஆண்டிறுதியில் மாணவர் ஒரு பக்கச் செய்தியைக்கூட அகராதியோடு படிக்க இயலாதவராய் இருக்கிறார். ஹான்ஸ் வேர் அகராதி வேர் எழுத்துகளின் வரிசையில் அமைந்தது. அதில் ஒரு சொல்லைத் தேடுவது எப்படி என்பதே பல வகுப்புகளில் பாடமாக இருப்பதில்லை.

வேர்ச்சொல்லைக் கற்பிக்க நம் மாணவரைப் போல வாய்ப்பானவர் வேறு எவர்? தாசில்தாரிலுள்ள தாசிலும் மகசூலும் ஒரே வேரில் பிறந்தவை: ஹா, ஸாத், லாம். திரட்டுதல், பெறுதல் என்னும் பொருள் இரண்டிலும் ஓடுகிறது. ஒன்று தஃப்ஈல் வாய்பாடு. மற்றது மஃப்ஊல் வாய்பாடு. வசூல் பார்வைக்கு அவற்றின் உடன்பிறப்புப் போலிருந்தாலும் வேறு வேரினது. ஆஜர், ஜாமீன், மாஜி மூன்றும் செய்வோனைக் குறிக்கும் ஃபாஇல் வாய்பாடு. நீதிமன்ற வாசலில் நிற்கும் எவரும் அறிந்த சொற்கள் இவை. உருது, இந்தி, வங்காளம், மலையாளம் எதைப் பேசும் மாணவரும் இத்தகைய சொற்களைத் தம் மொழியிலேயே வைத்திருக்கிறார். இரண்டு வகுப்பில் அரபுச் சொல்லாக்கத்தின் முதுகெலும்பைக் காட்டிவிடலாம், யாரும் காட்டுவதில்லை.

மேற்சொன்ன மூன்று சொற்களிலும் உள்ள ‘ஜ’ மூலத்தில் ளாத் என்னும் எழுத்து. பாரசீக, உருது வழியாக வந்தபோது அது ஸகரச் சாயல் பெற்றுத் தமிழில் ஜகரமாயிற்று. ரம்ஜான் அவ்வழி வந்தது. தமிழ் முஸ்லிம்களின் மார்க்க நூல்களிலோ அது ரமளான். கேரளத்திலும் அப்படியே. வட இந்திய வகுப்பறைகளில் தென்னக மாணவர் அந்த எழுத்தை ளகரமாய் ஒலிக்கையில் எழும் சிரிப்பு பழகிப்போன ஒன்று. சிரிப்பவர் அதை உருதுவின் ஸகரமாக ஒலிப்பவர்! எட்டாம் நூற்றாண்டின் ஸீபவைஹி இவ்வொலியை நாவின் பக்கவாட்டிலும் அதையடுத்த கடைவாய்ப் பற்களிலும் பிறப்பதாக விளக்கியிருக்கிறார். மருங்கொலி என்பதே அதன் பொருள். இன்றைய தர ஒலிப்பு இரண்டிலிருந்தும் வேறானது. ஆயினும் பழைய ஒலிப்பின் சாயலைக் காத்து வைத்திருப்பது சிரிக்கப்பட்டவரின் நா. இதைச் சொல்லித்தர வேண்டிய ஆசிரியரும் சிரிப்பில் கலந்துகொள்வதை என்னவென்பது?

தேர்வுகள் இந்த நிலையைப் பூட்டி வைத்திருக்கின்றன. விடையை ஆங்கிலத்திலோ உருதுவிலோ எழுதிவிடலாம் என்னும் சலுகை பல இடங்களில் முதுகலை வரை தொடர்கிறது. கல்லூரி ஆசிரியராவதற்கான நெட் தேர்வோ முழுக்கக் கொள்குறி வினாக்களால் ஆனது; ஒரு வாக்கியம் பேசாமல், கேட்காமல், எழுதாமல் அதில் வெல்லலாம். அவ்வாறு வென்று வந்தவரிடம் பேச்சரபு கற்பிக்கச் சொல்வது அவருக்கும் கொடுமை.

இதனால் யாருக்கு என்ன இழப்பு என்று கேட்போர் தில்லியிலோ ஐதராபாத்திலோ சென்னையிலோ பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றின் பன்னாட்டு நோயாளர் பிரிவில் அரை நாள் அமர்ந்து பார்க்கலாம். ஈராக், ஏமன், ஓமன் ஆகிய நாடுகளிலிருந்து நோயாளிகள் வருகிறார்கள். இடையே நின்று மொழிபெயர்ப்பவர் பெரும்பாலும் நம் மதரசாவிலும் அரபுத் துறையிலும் பயின்ற இளைஞர், சான்றிதழ் உள்ளவர். ஈராக்கிய முதியவர் ‘ஹராரா மாகு’ என்கிறார். ‘மாகு’ என்றால் ‘இல்லை’. ஈராக்கில் நாளொன்றுக்கு நூறு முறை ஒலிக்கும் சொல். நம் பாடநூல் எதிலும் அது கிடையாது. இளைஞர்க்கு ‘ஹராரா’ விளங்குகிறது, வெப்பம், காய்ச்சல், எஞ்சியதை ஊகிக்கிறார். காய்ச்சல் இல்லை என்றவர்க்குக் காய்ச்சல் இருப்பதாக மருத்துவர் குறிப்பெழுதிக்கொண்டால் அந்தப் பிழை யாருடைய கணக்கில் சேரும்?

மொழிபெயர்க்கும் அந்த இளைஞர்கள் பணியிடத்தில் அடிபட்டு, ஓராண்டில் வழக்கைத் தாமே கற்றுக்கொண்டுவிடுகிறார்கள் என்பது உண்மை. பல்கலைக்கழகம் ஐந்தாண்டில் செய்யாததை மருத்துவமனை நடைவழி ஓராண்டில் செய்கிறது. அந்த ஓராண்டுக்கு விலை கொடுப்பவர்கள் நோயாளிகள்.

நிதியில்லை என்பார்கள். நுழைவின்போதே ஒரு சிறு தேர்வு வைத்து, எழுத்தறியாதவரைத் தனிப் பிரிவாகவும் இலக்கணம் அறிந்தவரைப் பேச்சுப் பிரிவாகவும் பிரிக்கப் பெருநிதி வேண்டியதில்லை. நூறு மதிப்பெண்ணில் நாற்பதை வாய்மொழித் தேர்வுக்கு ஒதுக்கப் பாடத்திட்டக் குழுவின் ஒரு கூட்டம் போதும். வேண்டியது, மணிக்கணக்கில் ஊதியம் பெறும் விருந்தினர் விரிவுரையாளரிடம் தொடக்கநிலை வகுப்பைத் தள்ளிவிட்டு மூத்த பேராசிரியர்கள் ஜாஹிலிய்யாக் காலக் கவிதைக்குள் ஒதுங்கிக்கொள்ளும் வழக்கத்தைக் கைவிடுவது. அடுத்த டிசம்பர் 18-க்குள் ஒரே ஒரு துறையேனும் தன் மூத்த பேராசிரியரை அலிஃப், பே வகுப்பிற்கு அனுப்பட்டும்; மூன்றாம் வாரத்தில் எத்தனை பேர் எஞ்சியிருக்கிறார்கள் என்று அவரே எண்ணிச் சொல்லட்டும்.