தள்ளினால் தீப்பொறி வராது

ஜவ்வாது மலைக்குக் காரில் போகிறவர்களுக்கு ஒரு சர்வரோக நிவாரணி தெரியும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? தள்ளு. தள்ள ஆள் இல்லையா? இறக்கத்தில் உருட்டி, செகண்ட் கியர் போட்டு, கிளட்சை விடு. செல்ஃப் அடித்தால் இன்ஜின் கரகரவென்று நன்றாகவே சுற்றுகிறது, பற்றத்தான் மாட்டேன் என்கிறது என்றாலும் இதே வைத்தியம்தான். வெறும் வீண்வேலை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். மலைப்பாதையில் இது உயிரோடு விளையாடுவது. அதனால்தான் இந்தக் கண்டனம்.

தள்ளுவதால் என்ன நடக்கிறது? ஓடும் சக்கரம் கியர் வழியாக இன்ஜினைச் சுற்றுகிறது. அவ்வளவுதான். பழைய அம்பாசடரில் முன்பக்கம் ஹேண்டில் போட்டுச் சுற்றியதும் இதே வேலைதான். 1912-இல் காடிலாக் கார்களில் வந்த மின்சார செல்ஃப் செய்ததும் இதே வேலைதான். ஆகவே பேட்டரி இறங்கி, செல்ஃப் சுற்றாமல் நின்றால் தள்ளுங்கள். அதில் அர்த்தம் உண்டு. செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றினாலும் அப்படியே. அது குடிக்கிற மின்சாரத்தில் வோல்ட் இறங்கிப் போய், இ.சி.யூ. என்கிற கட்டுப்பாட்டுப் பெட்டி வேலை செய்யாமல் போகலாம். ஆனால் செல்ஃப் வேகமாகச் சுற்றியும் பிளக்கில் கரண்ட் வரவில்லை என்றால், குறை சுற்றுவதில் இல்லை. பத்துப் பேர் சேர்ந்து தள்ளினாலும் அறுந்த ஒயர் ஒட்டாது. போன ஃப்யூஸ் திரும்பாது.

“போன தடவை தள்ளித்தானே ஸ்டார்ட் ஆச்சு?” என்று கேட்பார்கள். ஆகியிருக்கும். ஏன் என்று பாருங்கள். போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்குச் சின்ன கியரிலேயே ஏறி வந்த இன்ஜின் கொதிக்கக் கொதிக்க நிற்கிறது. டீ குடிக்க அணைத்ததும் காற்றோட்டமும் தண்ணீர்ச் சுழற்சியும் நின்றுபோகின்றன. பானட்டுக்குள் சூடு இன்னும் கொஞ்சம் ஏறுகிறது. இன்ஜினோடு ஒட்டி, விரல் பருமனில் கிராங்க் சென்சார் என்று ஒன்று இருக்கிறது. பிஸ்டன் எந்த இடத்தில் நிற்கிறது என்று இ.சி.யூ.வுக்குச் சொல்வது அதுதான். அதற்குள் நலிந்த இணைப்பு ஒன்று இருந்தால், சூட்டில் விலகும், ஆறினால் ஒட்டும். விலகியிருக்கும்போது சேதி போகாது; சேதி போகாவிட்டால் பிளக்குக்குக் கரண்ட் தருகிற எந்தக் காயிலுக்கும் உத்தரவு வராது; நாலு பிளக்கும் ஊமை. இதற்குள் ஆள் கூடி, பானட்டைத் திறந்து, யோசனை சொல்லி, தள்ளி, மூச்சு வாங்கி, மறுபடி தள்ளி அரைமணி நேரம் ஓடியிருக்கும். சென்சார் ஆறியிருக்கும். வண்டி கிளம்பும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. புகழ் மட்டும் தள்ளியவர்களுக்கு. உண்மைக் குறையோ அப்படியே உள்ளே உட்கார்ந்து அடுத்த மலைக்குக் காத்திருக்கும்.

இனி ஆபத்துக்கு வருவோம். பிரேக்குக்குப் பலம் தருவது ஓடும் இன்ஜின் உண்டாக்கும் வெற்றிடம். இன்ஜின் ஓடாதபோது இரண்டு மூன்று மிதிக்குள் அந்தச் சேமிப்பு தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் கனத்துவிடும். பதற்றத்தில் சாவியை உருவினால் ஸ்டியரிங் பூட்டியே போகும். இந்த நிலையில் குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவை நோக்கி உருட்டச் சொல்வது யோசனையா? அத்தோடு, பற்றாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், வண்டி திடீரென்று பிடிக்கும்போது கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் எரிந்தால் அதையும் பாழாக்கும். அதன் விலை, மெக்கானிக் கூலியைவிடப் பல மடங்கு.

பிறகு என்ன செய்வது? இதே மலையிலுள்ள காவலூருக்குப் போய் 2.34 மீட்டர் தொலைநோக்கியின் பெருமை பேசுகிறவர்கள், தங்கள் வண்டியின் டேஷ்போர்டில் எரிகிற விளக்கைப் பார்ப்பதில்லை. முதலில் அதைப் பாருங்கள். சாவி படமோ பூட்டுப் படமோ விடாமல் மின்னினால், இம்மொபிலைசர் என்கிற திருட்டுத் தடுப்பு உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை என்று சந்தேகப்படலாம். மாற்றுச் சாவியைப் போடுங்கள். சாவியை ஆன் செய்ததும் ‘செக் இன்ஜின்’ விளக்கு எரிய வேண்டும்; எரியாவிட்டால் இ.சி.யூ.வுக்கே கரண்ட் போகாமல் இருக்கலாம். ஃப்யூஸையும் மெயின் ரிலேயையும் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஆர்.பி.எம். முள் லேசாக எழுகிறதா? பல வண்டிகளில், அது சுழியத்திலேயே படுத்துக் கிடந்தால் கிராங்க் சென்சார் மேல்தான் முதல் சந்தேகம். எலி கடித்த ஒயர் கண்ணுக்கே தெரியும்.

பிளக்கைக் கழற்றிக் கையில் பிடித்துக் கரண்ட் பார்க்கும் பழக்கத்தையும் விடுங்கள். இன்றைய காயில் தருவது பல்லாயிரம் வோல்ட். பக்கத்தில் பெட்ரோல் ஆவி வேறு. பிளக்குக்கும் காயிலுக்கும் நடுவே மாட்டுகிற சிறு ஸ்பார்க் டெஸ்டர் அதிக விலை இல்லை. ஒரு சிலிண்டரில் மட்டும் பொறி இல்லையென்றால் அதன் காயிலையோ பிளக்கையோ சந்தேகியுங்கள். பிளக்குக்கு ஒரு காயில் உள்ள வண்டியில் நாலிலும் இல்லையென்றால், நாலு காயிலும் ஒரே நிமிடத்தில் செத்தன என்று நம்பிப் புதுசு வாங்காதீர்கள். நாலுக்கும் பொதுவானதைத் தேடுங்கள்: ஃப்யூஸ், ரிலே, சென்சார், இம்மொபிலைசர்.

இவை எதுவும் முடியவில்லையா? பானட்டைத் திறந்து வைத்து அரைமணி நேரம் ஆறவிடுங்கள். அதற்குப் பின் கிளம்பினால், கிளம்பியதே குறை எங்கே என்பதற்குத் துப்பு. அதை அப்படியே மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். கிளம்பாவிட்டால் டோயிங் வண்டிக்குச் சொல்லுங்கள். உதவ ஓடிவருகிறவர்களின் நல்ல மனசைக் குறை சொல்லவில்லை. பின்பக்கம் கை வைப்பதற்கு முன் அவர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: “செல்ஃப் நல்லா சுத்துதா?” ஆமாம் என்றால், கையை எடுத்துவிடுங்கள்.