குரல் எப்போது கேட்டது?

"முதல் டொக்டர் மனச்சிதைவு என்றார். அடுத்தவர் இருதுருவ நோய் என்றார். இப்போது ஸ்கிட்சோஅஃபெக்டிவ் என்கிறார்கள். அவர்களுக்கே என்ன வருத்தம் என்று தெரியாதா?" கலகெதரவிலிருந்து கண்டிக்குப் பிள்ளையைக் கிளினிக் கூட்டிப்போகும் எந்தத் தாய்க்கும் வரக்கூடிய கேள்வி இது. நியாயமான கேள்வியும்கூட. இதற்குப் பதில் கிடைக்காதபோது சில குடும்பங்கள் மருந்தை நிறுத்திவிடுகின்றன.

இல்லாத குரல் கேட்பதும், அயலவர் தனக்குச் சூனியம் செய்கிறார்கள் என்று அசையாமல் நம்புவதும், பேச்சு தொடர்பறுந்து போவதும் மனச்சிதைவின் அடையாளங்கள். வாரக்கணக்கில் எழும்ப முடியாத சோர்வு, அல்லது தூக்கமே தேவைப்படாத மிதமிஞ்சிய உற்சாகம் இருதுருவ நோய் போன்ற மனநிலை நோய்களின் அடையாளங்கள். இரண்டும் ஒரே ஆளிடம் கலந்து வருவதை 1933இல் ஜேக்கப் கசானின் என்ற அமெரிக்க மருத்துவர் ஒன்பது நோயாளிகளை வைத்து விவரித்தார். ஸ்கிட்சோஅஃபெக்டிவ் என்ற பெயர் அவருடைய கட்டுரையிலிருந்துதான் பரவியது.

இதைக் காட்டிக்கொடுக்கும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. பரிசோதனை செய்வதெல்லாம் தைரொயிட் கோளாறு, வேறு உடல்நோய், ஐஸ், கஞ்சா போன்ற போதைப்பொருட்கள் காரணமா என்று பார்த்து விலக்கத்தான். மீதி முழுவதும் காலவரிசையைப் பொறுத்தது.

ஓர் இளைஞரை நினைத்துக்கொள்வோம். தை மாதம் அவர் இரவில் இரண்டு மணித்தியாலம்தான் தூங்குகிறார். ஓயாமல் பேசுகிறார், கடன் வாங்கிப் புது மோட்டார் சைக்கிளுக்கு முற்பணம் கட்டுகிறார், தன்னைப் பற்றி வானொலியில் சொல்கிறார்கள், காதில் குரல் கேட்கிறது என்கிறார். பங்குனியில் உற்சாகம் அடங்கிவிடுகிறது, தூக்கமும் வருகிறது. குரல் மட்டும் நிற்கவில்லை. ஆனியில் சோர்ந்து படுக்கையில் விழுகிறார். தையில் பார்த்த வைத்தியர் இருதுருவ நோய் என்றதும், பங்குனியில் பார்த்தவர் மனச்சிதைவு என்றதும் பிழையல்ல. அவரவர் கண்டது ஒரு துண்டு. 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின்படி, ஸ்கிட்சோஅஃபெக்டிவ் என்று சொல்ல, மனநிலை ஓரளவு சீராக இருக்கும்போதே குரலோ பொய்நம்பிக்கையோ குறைந்தது இரண்டு வாரம் நீடித்திருக்க வேண்டும். நோய்க்காலத்தின் பெரும்பகுதியில் மனநிலைக் குழப்பமும் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாடு, இரண்டும் சேர்ந்து ஒரு மாதமாவது இருக்கிறதா என்று பார்க்கிறது. ஆகவே பெயர் மாறுவதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கதை முழுமையாகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அந்தப் பங்குனி மாதத்தைக் கண்ணால் கண்டது வீட்டார்தான். கிளினிக்குக்கு வருமுன் தண்ணீர் ஓதிக் கொடுத்த, நூல் கட்டிய, கோயிலுக்குக் கூட்டிப்போன நாட்களும் அதில் அடங்கும். ஏசுவார்கள் என்று அவற்றை மறைக்கக் கூடாது. அந்த நாட்களில் அவர் எப்படி இருந்தார் என்பதுதான் வைத்தியருக்கு வேண்டியது.

சிகிச்சையும் இரண்டு பக்கமாகப் போகிறது. குரலையும் பொய்நம்பிக்கையையும் குறைக்க ரிஸ்பெரிடோன், ஒலான்சபின் போன்ற மருந்துகள். குளிசையை மறப்பவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு. உற்சாகம் மிஞ்சும் வகைக்கு லித்தியம் அல்லது வல்ப்ரோவேட், சோர்வு மேலோங்கினால் அதற்கான மருந்து. பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு வல்ப்ரோவேட் கருவைப் பாதிக்கும் என்பதால் அதைக் கூடியவரை தவிர்ப்பார்கள்; எடுத்துக்கொண்டிருப்பவர் தானாக நிறுத்தாமல் வைத்தியரைக் கேட்க வேண்டும். மற்றவை பலனளிக்காதபோது குளோசபின், அதுவும் வெள்ளை அணுக்களைத் தொடர்ந்து எண்ணிப் பார்த்துக்கொண்டு.

லித்தியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பலன் தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடைவெளி குறைவு. அதனால் இரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகத்தையும் தைரொயிட்டையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். வாந்தி, வயிற்றோட்டம் வந்து உடலில் நீர் குறைந்தால் அளவு ஏறிவிடும். டிக்ளோஃபெனக், இபுபுரோஃபென் போன்ற வலிக்குளிசைகளும் அதை ஏற்றும். பகலில் தண்ணீர் குடிக்காமல் நோன்பு பிடிப்பவர்கள் ரமழானுக்கு முன்பே வைத்தியரிடம் பேசிவிட வேண்டும். கை நடுக்கம் கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே ஆஸ்பத்திரி.

சுகமானதும் மருந்தைத் தானாக நிறுத்துவதுதான் நோய் திரும்புவதற்கு நாம் திறந்துவிடும் வழி. உடல் பருமன், விறைப்பு, தூக்கம் என்று தொந்தரவு இருந்தால் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றலாம். குடும்பத்துக்கு நோயை விளக்குவதும், ஆளை மெல்ல வேலைக்குத் திருப்புவதும் சிகிச்சையின் பகுதிகள். வீட்டில் ஓயாத ஏச்சும் குறைசொல்லலும் நோயைத் திரும்பக் கொண்டுவரக்கூடியவை.

ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வாங்குங்கள். திகதி, தூங்கிய நேரம், குரல் கேட்டதா, மனநிலை எப்படி, மருந்து எடுத்தாரா என்று நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள். அடுத்த கிளினிக்குக்கு அதைக் கொண்டுபோங்கள். சிங்களத்தில் தட்டுத்தடுமாறிப் பாதியைச் சொல்லாமல் விட வேண்டாம், தமிழ் தெரிந்த ஊழியரைக் கேளுங்கள். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் முதல் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. சாகப் போவதாக நோயாளி சொன்னால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்; என்ன செய்வதென்று தெரியாவிட்டால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926ஆம் இலக்கத்துக்கு அழையுங்கள்.