விலகுவதா, கூட்டிக் கேட்பதா?

"அக்கா, இந்த மாதத்தோட வேலையை விட்டிடப் போறன்" என்று சொல்லும் சகோதரிகளை அடிக்கடி சந்திக்கின்றேன். கடைகளிலும் தையல் நிலையங்களிலும் நாள் முழுவதும் நிற்பவர்கள். பலருடைய வீட்டில் உழைப்பது அவர்கள் மட்டுந்தான். 2009 இற்குப் பின் தனியாகவே பிள்ளைகளை வளர்த்தவர்களும் இவர்களில் உண்டு. உடம்பில் களைப்பு, வாசலில் கிழமைக் கடன்.

நான் முதலில் கேட்பது, "எப்ப சேர்ந்தனீங்கள்?" என்பதைத்தான்.

கிளிநொச்சியில் புடவைக் கடையொன்றில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் அப்படித்தான் வந்தார். காலை 8.30 இலிருந்து இரவு 7 மணி வரை வேலை. "நிண்டு நிண்டு கால் வீங்குது" என்றார். எண்ணிப் பார்த்தால், சேர்ந்து நான்கு வருடமும் எட்டு மாதமும். அங்கு இருபதுக்கு மேற்பட்டோர் வேலை செய்கின்றார்கள்.

1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி, பதினைந்து பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். தானாக விலகினாலும் உண்டு. இவருடைய சம்பளம் 32,000 ரூபா. ஐந்து வருடத்துக்கு 80,000 ரூபா. நான்கு மாதம் முந்தி விலகினால் அந்தப் பணம் இல்லை.

ஊழியர் சேமலாப நிதியையும் பாருங்கள். உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழிபடும். முதலாளி தன் பங்காக 12 வீதம் கட்ட வேண்டும். கழிக்கிறார்கள், கட்டுகிறார்களா? அங்கத்துவ இலக்கத்தோடு தொழில் அலுவலகத்துக்குப் போனால் கேட்டறியலாம். ஆனால் விலகிய உடனே அந்தக் காசு வரும், கடனை அடைக்கலாம் என்று நம்பி விலகாதீர்கள். பெண்களுக்குப் பொதுவாக 50 வயதில்தான் கிடைக்கும்.

இனிச் சம்பளம். 2026 ஜனவரியிலிருந்து தேசிய ஆகக் குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. அதற்குக் குறைவாக வாங்குபவர் கூட்டிக் கேட்கவில்லை, உரியதைத்தான் கேட்கிறார். கடை ஊழியர்களுக்குச் சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 45 மணிதான் வேலை நேரம். மிஞ்சியதற்கு ஒன்றரை மடங்கு வர வேண்டும். இந்தச் சகோதரி மகளின் பழைய கொப்பியில் ஒரு மாதம் போன நேரம், வந்த நேரம் எழுதினார். வாயால் சொன்னால் "எல்லாரும் அப்படித்தானே" என்பார்கள். எழுத்தைக் காட்டினால் பேச்சு வேறு.

ஒன்று மட்டும். அசிங்கமான பேச்சு, கைபடுதல் உள்ள இடமானால் நான் மாதம் எண்ணச் சொல்ல மாட்டேன். 80,000 போனாலும் போகட்டும். விலகும்போது கடிதத்தில் திகதியிட்டுப் பிரதி வைத்திருங்கள். வெற்றுத் தாளில் ஒப்பமிட வேண்டாம்.

கொப்பியைப் பார்த்த முதலாளி, கிழமையில் மூன்று நாள் 6 மணிக்கு விடவும் இருக்க ஒரு ஸ்டூல் போடவும் சம்மதித்தார். மேலதிக நேரக் காசைப் பற்றி வாய் திறக்கவில்லை. அது குறைவுதான், தொழில் அலுவலகத்தில் முறையிட உரிமை உண்டு என்று சொன்னேன். "ஐஞ்சு வருசம் முடியட்டும் அக்கா, அந்தக் கொப்பியையும் கொண்டு போவம்" என்றார். இப்போதும் எழுதிக்கொண்டுதான் இருக்கின்றார்.