எத்தனை கிலோ ஸ்பிரிங்?

"அண்ணே, எத்தனை கிலோ ஸ்பிரிங் போட்டிருக்கீங்க?" இருங்காட்டுக்கோட்டையில் டிராக் டே நடக்கும் நாளில் காரின் முன்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றால், வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். எட்டு என்றால் ஒரு மரியாதை. பத்து என்றால் கூடுதல் மரியாதை. அஞ்சு என்று சொன்னால், 'பாவம், பட்ஜெட் இடிக்குது போல' என்றொரு பார்வை. கேள்விக்குப் பின்னால் ஒரு நம்பிக்கை உட்கார்ந்திருக்கிறது: காயில்ஓவர் மாட்டினால் ரேஸ் கார், ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கமோ, கார் எவ்வளவு தரையோடு தரையாகப் படுத்திருக்கிறதோ, ஷாக்கின் தலையிலுள்ள குமிழில் எத்தனை கிளிக் இருக்கிறதோ, லேப் நேரம் அவ்வளவு குறையும். விற்கிறவர்கள் சொல்கிறார்கள், வாங்கியவர்கள் வழிமொழிகிறார்கள். பந்தயத் தடத்துக்கென்று சொந்தமாக ஒரு செட் கட்ட நினைக்கிறவரின் பணத்தைக் கரைப்பது இந்த நம்பிக்கைதான்.

முதலில் காயில்ஓவர் என்ற பெயருக்கே இவ்வளவு பிரமிப்பு தேவையில்லை. ஷாக் அப்சார்பரைச் சுற்றி ஸ்பிரிங் கோத்திருந்தால் அது காயில்ஓவர். அப்படிப் பார்த்தால் மாருதி ஆல்ட்டோவின் முன்பக்கத்தில் இருப்பதும் அதுதான். கடையில் வாங்குவதில் கூடுதலாக இருப்பது ஷாக்கின் உடலில் வெட்டிய மரையும், ஸ்பிரிங் தட்டை ஏற்றி இறக்கும் வசதியும். வேகம் அந்த மரையில் இல்லை.

இறுக்கம்தான் வேகம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? டி.வி.யில் பார்த்த ஃபார்முலா ஒன் கார்களிலிருந்து. அங்கே அது உண்மையும்கூட. ஆனால் காரணம் வேறு. அந்தக் கார்களை ரோட்டோடு அழுத்துவது காற்று. காரின் அடிப்பகுதிக்கும் தரைக்கும் இடையிலான இடைவெளி கொஞ்சம் மாறினாலும் அந்த அழுத்தம் மாறிவிடும். ஆகவே காரை அசைய விடாமல் கட்டிப் போடுகிறார்கள். 1981, 1982-ல் இது உச்சத்துக்குப் போனது. ஸ்பிரிங் கிட்டத்தட்ட அசையாமல் டயரின் ரப்பரே ஸ்பிரிங் வேலை செய்த கார்களில், ஓட்டுநர்களின் முதுகும் கழுத்தும் பட்ட பாடு கொஞ்சமில்லை. 1983-ல் அடிப்பகுதி தட்டையாக இருக்க வேண்டும் என்று விதியை மாற்றினார்கள். தரைக்காற்றை நம்பும் வடிவம் 2022-ல் திரும்பி வந்ததும் குதிப்பும் திரும்பி வந்தது. பாகூ பந்தயம் முடிந்து லூயிஸ் ஹாமில்டன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு காரிலிருந்து இறங்கியதை உலகமே பார்த்தது. இறுக்கம் அவர்கள் காற்றழுத்தத்துக்காகக் கொடுக்கும் விலை. பின்னால் ஒரு பிளாஸ்டிக் விங் ஒட்டிய ஃபோக்ஸ்வேகன் போலோவுக்கு அப்படி எந்தக் காற்றழுத்தமும் கிடைப்பதில்லை. பொருளை வாங்காமல் விலையை மட்டும் நாம் எதற்குக் கொடுக்க வேண்டும்?

அடுத்து வரும் வாதம் கொஞ்சம் அறிவியல் வாடையோடு வரும்: இறுக்கமான ஸ்பிரிங் போட்டால் வளைவில் எடை ஒரு பக்கம் சாய்வது குறையும் என்று. கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநரோடு சேர்த்து 1,100 கிலோ எடையுள்ள கார். ஈர்ப்பு மையம் தரையிலிருந்து அரை மீட்டர் உயரம். இடது, வலது சக்கரங்களுக்கு இடையே 1.45 மீட்டர். 1 ஜி பக்கவாட்டு விசையோடு திரும்பும்போது உள்சக்கரங்களிலிருந்து வெளிச்சக்கரங்களுக்கு மாறும் எடை சுமார் 380 கிலோ. எடை, உயரம், அகலம், பக்கவாட்டு விசை ஆகிய நான்கும்தான் இந்தக் கணக்கில் இருக்கின்றன. ஸ்பிரிங் எங்கும் வரவில்லை. உடல் சாய்வதால் ஈர்ப்பு மையம் பக்கவாட்டில் நகர்ந்து சேர்க்கும் எடை ஒன்று உண்டு; மூன்று டிகிரி சாய்வுக்கு அது 20 கிலோவைத் தாண்டாது. அந்த 20 கிலோவைக் காப்பாற்றத்தான் இவ்வளவு ஆர்ப்பாட்டம்.

ஸ்பிரிங்கும், சாய்வைத் தடுக்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரும் செய்வது பங்கு பிரிக்கும் வேலை. அந்த 380 கிலோவில் முன்பக்க ஜோடிக்கு எவ்வளவு, பின்பக்க ஜோடிக்கு எவ்வளவு என்பதை அவை தீர்மானிக்கின்றன. டயரின் மேல் எடை ஏற ஏறப் பிடிப்பும் ஏறும்தான், ஆனால் அதே விகிதத்தில் ஏறாது. எந்த ஜோடியில் இடம், வலம் ஏற்றத்தாழ்வு அதிகமோ, அந்த ஜோடி முதலில் வழுக்கும். அதனால்தான் முன்சக்கரம் இழுக்கும் கார்களில் பின்பக்கத்தை இறுக்கி, வளைவில் பின் உள்சக்கரம் அந்தரத்தில் தூக்கும்படி விடுகிறார்கள். முன்பக்கத்துக்குப் பிடிப்பு மிஞ்சுகிறது. நான்கு மூலையையும் ஒரே அளவில் இறுக்கினால் இந்தப் பங்கு அப்படியே இருக்கும். மேடு பள்ளத்தில் டயர் துள்ளுவது மட்டும் கூடும்.

இனி அந்த 'எட்டு கிலோ'வுக்கு வருவோம். ஒரு மில்லிமீட்டர் அமுக்க எட்டு கிலோ வேண்டும் என்பது ஸ்பிரிங்கைத் தனியாக மேசைமேல் வைத்து அளந்த எண். சக்கரத்துக்கு அது தெரியாது. ஸ்பிரிங் எந்த இடத்தில், எந்தச் சாய்வில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 9.5 மி.மீ. அமுங்கலாம், 7 மி.மீ. மட்டுமே அமுங்கலாம். இதைத்தான் மோஷன் ரேஷியோ என்கிறார்கள். சக்கரம் உணரும் விறைப்பு இந்த விகிதத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஸ்டிரட் வைத்த காரில் விகிதம் 0.95 என்றால் எட்டு கிலோ ஸ்பிரிங், சக்கரத்தில் 7.2 கிலோ. கீழ் ஆர்மின் நடுவில் ஷாக் பிடித்த இன்னொரு காரில் விகிதம் 0.7 என்றால் அதே ஸ்பிரிங் சக்கரத்தில் 3.9 கிலோ. கிட்டத்தட்ட பாதி. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் நின்று 'எட்டு போட்டிருக்கேன்' என்று சொல்லிக்கொள்வதில் என்ன அர்த்தம்?

ஒப்பிட வேண்டுமென்றால் அதிர்வெண்ணை ஒப்பிட வேண்டும். ஒரு மூலையில் ஸ்பிரிங் தாங்கும் எடை 265 கிலோ என்று வைத்துக்கொள்வோம். முதல் காரில் அந்த எட்டு கிலோ ஸ்பிரிங் 2.6 ஹெர்ட்ஸ் தரும், இரண்டாவதில் 1.9. சாலையில் ஓடும் குடும்பக் கார்கள் 1 முதல் 1.5 ஹெர்ட்ஸுக்குள் இருக்கும். காற்றழுத்தம் இல்லாத தடக் கார்களுக்கு 2 ஹெர்ட்ஸை ஒட்டித் தொடங்குவது வழக்கம். 4, 5 ஹெர்ட்ஸ் என்பதெல்லாம் பெரிய விங்கும் டிஃப்யூசரும் உண்மையிலேயே வேலை செய்யும் கார்களுக்கு. ஆக, சொந்தமாகக் கட்டுகிறவர் முதலில் வாங்க வேண்டியது ஒரு டேப்பும், நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி எடை மேடையும். எடை, விகிதம், வேண்டிய அதிர்வெண் என்று வரிசையாகப் போனால் ஸ்பிரிங் எண் கடைசியில் தானாக வந்து விழும். தடமும் கணக்கில் வரும். 3.7 கி.மீ. நீளமுள்ள இருங்காட்டுக்கோட்டைக்குக் கட்டிய கார், கோவை செட்டிபாளையத்தில் 2.1 கி.மீ.யில் மடங்கி மடங்கிப் போகும் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் அப்படியே ஓடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி நடந்தது போல ஊர்ச் சாலையில் பந்தயம் என்றால் சொல்லவே வேண்டாம்.

தாழ்த்தும் விஷயத்தில் எதிர்த்தரப்புக்குப் பாதி நியாயம் உண்டு. ஈர்ப்பு மையம் இறங்கினால் மேலே சொன்ன 380 கிலோ நிஜமாகவே குறையும். மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. மெக்ஃபர்சன் ஸ்டிரட் வைத்த காரின் கீழ் ஆர்மைக் குனிந்து பாருங்கள். கம்பெனி உயரத்தில் அதன் சக்கரப் பக்க முனை சற்றுத் தாழ்ந்திருக்கும். காரை 40 மி.மீ. இறக்கினால் அந்த முனை ஆர்மின் உள்முனையைத் தாண்டி மேலே போய்விடும். ஈர்ப்பு மையம் இறங்கியது 40 மி.மீ.தான், கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்த ரோல் சென்டர் அதைவிட அதிகமாக இறங்கியிருக்கும். இரண்டுக்கும் இடையிலான தூரம்தான் காரைச் சாய்க்கும் நெம்புகோலின் நீளம். கார் தாழ்ந்தும் சாய்வு கூடுகிறது. அதைச் சமாளிக்க மறுபடி ஸ்பிரிங்கை இறுக்குவார்கள். இதோடு சக்கரம் ஏறும்போது அதன் கேம்பர் (மேல்முனையின் சாய்வு) உள்பக்கம் சாய்வதற்குப் பதில் வெளிப்பக்கம் திரும்பத் தொடங்கும். டை ராடின் கோணம் கெட்டு, தட விளிம்பிலுள்ள கெர்பில் ஏறும்போது ஸ்டியரிங் தானாகத் திரும்பும். பால் ஜாயின்டைக் கீழே இறக்கும் ஸ்பேசர் வைத்து ஆர்மையும் டை ராடையும் பழைய கோணத்துக்குக் கொண்டுவர முடியுமானால் தாழ்த்துங்கள். முடியாதென்றால் 15, 20 மி.மீ.யோடு நிறுத்துவது லாபம்.

'தட்டை ஏத்தி பிரீலோடு கொடுத்தா ஸ்பிரிங் இறுகிடும்' என்பது இன்னொரு பட்டறைப் பாடம். சீரான ஸ்பிரிங்கில் அப்படி எதுவும் நடக்காது. எட்டு கிலோ ஸ்பிரிங் எங்கே அமுக்கினாலும் எட்டு கிலோதான். தட்டை ஏற்றினால் கார் உயரும், அவ்வளவே.

கிளிக்குகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டும், ஏனென்றால் காசு அதிகம் போவது அங்கேதான். ஒரு ஷாக்கைப் பிரித்து பிஸ்டனை வெளியே எடுத்தால் அதன் இரு பக்கமும் காகிதத்தைப் போல மெல்லிய வட்டத் தகடுகள் கோபுரமாக அடுக்கியிருப்பது தெரியும். ஷிம் என்று பெயர். 0.10, 0.15, 0.20 மி.மீ. தடிமன். எண்ணெய் இவற்றை வளைத்துத் தள்ளிக்கொண்டு வெளியேற வேண்டும். அந்த எதிர்ப்புதான் டேம்பிங். ஒரு தகட்டின் விறைப்பு தடிமனின் முப்படியை (கியூப்) பொறுத்தது. 0.15-ஐ எடுத்துவிட்டு 0.20 வைத்தால் தடிமன் மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது, விறைப்போ இரண்டேகால் மடங்கைத் தாண்டுகிறது. ஷாக்கின் குணத்தை எழுதுவது இந்த அடுக்குதான். தலையில் இருக்கும் குமிழ் பெரும்பாலான செட்களில் ஓர் ஊசியை நகர்த்திச் சின்ன வழித்துளை ஒன்றை அடைக்கிறது, திறக்கிறது. கார் சாயும்போதும் பிரேக்கில் மூக்கைக் குத்தும்போதும் ஷாக்கின் தண்டு வினாடிக்கு 50 மி.மீ.க்கும் குறைவாக நகர்கிறதே, அங்கே இந்த ஊசி பேசும். கெர்பில் ஏறும்போது தண்டு அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் பாயும். அங்கே ஷிம்மின் ராஜ்யம். 32 கிளிக் இருந்தாலும் முரட்டு அடுக்கு முரட்டு அடுக்குதான்.

போதாக்குறைக்கு மலிவு செட்களில் ரீபவுண்டை (ஷாக் விரியும்போது வரும் எதிர்ப்பை) கூட்டினால் கம்ப்ரஷனும் (அமுங்கும்போது வருவதும்) சேர்ந்து கூடும். இடது ஷாக்கில் 10 கிளிக்கும் வலது ஷாக்கில் 10 கிளிக்கும் ஒரே விசையைத் தர வேண்டும் என்று கட்டாயமில்லை. ஷாக் டைனோவில் ஏற்றி, வேகத்துக்கு எதிராக விசையை வரைந்து பார்த்தால்தான் இது வெளியே வரும். நான்கு ஷாக்குக்கும் வரைபடம் தராத விற்பனையாளரிடம் எத்தனை கிளிக் என்று கேட்பதை விட்டுவிட்டு வரைபடம் எங்கே என்று கேளுங்கள். ஸ்பிரிங்கை மாற்றினால் டேம்பிங்கையும் மாற்றியாக வேண்டும். ஸ்பிரிங் இரண்டு மடங்கானால் டேம்பிங் சுமார் 1.4 மடங்கு ஆக வேண்டும். 'அதே ஷாக்தான், ஸ்பிரிங் மட்டும் பத்து கிலோ போட்டுக்கலாம்' என்கிறவர் உங்களுக்குத் துள்ளும் காரை விற்கிறார்.

மோனோட்யூப் என்றால் உசத்தி, ட்வின் ட்யூப் என்றால் மட்டம் என்பதற்கு ஒரு வரி போதும்: பந்தய உலகம் விலை கொடுத்து வாங்கும் ஓலின்ஸ் டி.டி.எக்ஸ். டேம்பர் இரட்டைக் குழாய் அமைப்பு.

போலோ மாதிரிக் கார்களில் பின்பக்கத்துக்கும் 'உண்மையான காயில்ஓவர்' மாட்டச் சொல்வது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. அந்தக் காரின் பின்புறம் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ட்விஸ்ட் பீம். ஸ்பிரிங் தனி இருக்கையில், ஷாக் தனி இடத்தில். ஷாக்கின் மேல்முனையைப் பிடிக்கும் இடத்தைக் கம்பெனி ஷாக்கின் விசைக்காக மட்டும் செய்திருக்கிறது. காரின் எடையைத் தாங்குவதற்காகச் செய்யவில்லை. ஸ்பிரிங்கை ஷாக்கின் மேல் கொண்டுவந்தால் நின்றுகொண்டிருக்கும்போதே ஒவ்வொரு பக்கமும் நூற்றுக்கணக்கான கிலோ அந்தத் தகரத்தின் மேல் ஏறும். கெர்பில் அது சில மடங்காகும். ஸ்பாட் வெல்டைச் சுற்றி விரிசல் விடும். ரோல் கேஜிலிருந்து ஒரு குழாயை இறக்கி அந்த இடத்தைப் பிடித்திருந்தால் பரவாயில்லை. இல்லையென்றால் ஸ்பிரிங்கைப் பழைய இடத்திலேயே விட்டு, அடியில் மரை வைத்த தட்டைப் போடுவதே போதும்.

இவ்வளவுக்கும் எதிர்த்தரப்பிடம் ஒரு பலமான பதில் இருக்கிறது: "நான் எட்டு கிலோ செட் மாட்டின அன்னிக்கே லேப் டைம் குறைஞ்சுதே?" குறைந்திருக்கும். அவர் கழற்றிப் போட்டது எண்ணெய் கசிந்த, 1.3 ஹெர்ட்ஸில் ஆடிய கம்பெனி ஷாக். புது செட்டோடு கேம்பர் பிளேட் வந்திருக்கும், அலைன்மென்ட் புதிதாகப் பார்த்திருப்பார், அநேகமாக டயரும் மாற்றியிருப்பார். ஸ்டிரட் வைத்த கார்களில் சாய்வைக் குறைத்தால் வெளிச்சக்கரத்தின் கேம்பர் காப்பாற்றப்படும் என்பதும் உண்மை. இறுக்கத்துக்கு இருக்கும் நேர்மையான நியாயம் அதுதான். ஆனால் இதிலிருந்து கிடைக்கும் முடிவு, பழையதைவிடப் புதியது மேல் என்பது மட்டும். ஆறு கிலோ ஸ்பிரிங்கும் சரியான ஷிம்மும் போட்டிருந்தால் இன்னும் எவ்வளவு குறைந்திருக்கும் என்பதை அவர் ஓட்டிப் பார்க்கவே இல்லை.

ஓட்டிப் பார்க்க அதிகம் செலவாகாது. ஷாக்கின் தண்டில் ஒரு கேபிள் டையைச் சுற்றி, கீழே தள்ளிவிட்டு ஐந்து லேப் ஓட்டுங்கள். அமுங்கிய தூரம் வரை டை நகர்ந்து நிற்கும். பிட்டுக்குள் நுழைந்ததும் டயரின் உள், நடு, வெளி விளிம்புகளின் சூட்டைக் குத்தும் வெப்பமானியால் அளந்து எழுதுங்கள். டை பாதித் தூரத்திலேயே நின்று, வேகமான வளைவில் கார் தத்தித் தத்தி வெளியே போனால் ஸ்பிரிங் அதிகம். ஒரு கிலோ குறையுங்கள். டை பயணத்தின் கடைசியிலுள்ள பம்ப் ஸ்டாப்பில் முட்டி, வெளி விளிம்பும் வெந்திருந்தால் முதலில் கேம்பரைக் கூட்டிப் பாருங்கள், பிறகு உயரத்தை 5 மி.மீ. ஏற்றிப் பாருங்கள். இரண்டுக்கும் அடங்கவில்லையென்றால் அப்போது ஒரு கிலோ கூட்டலாம். கூட்டிய கையோடு ஷாக்கைப் பிரித்து ஷிம் அடுக்கை மாற்றவும் நேரம் ஒதுக்குங்கள்.